தர்மக் கடையில் மலிவு தேடலாமா?

மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கி, விலைபோகும் இடத்தில் விற்பதற்குப் பெயர்தான் வியாபாரம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை விரித்தது இந்த ஒரு வித்தையை நம்பித்தான். ஆனாலும், ஒரு பொருள் ஏன் மலிவாக இருக்கிறது, யாருக்காக மலிவாக வைக்கப்பட்டது என்று நின்று கேட்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு என்று சென்ற சில மாதங்களாக நமக்குத் தோன்றிவருகிறது. அந்த இடம் தர்மக் கடை. அங்கே நாம் செய்த ஒரு காரியத்தைப் பற்றி நம் தொழிலைச் சேர்ந்த சகோதரர்களிடம் மனம் விட்டுப் பேசவே இதை எழுதுகிறோம்.

தர்மக் கடை என்று நாம் சொல்வது, பொதுமக்கள் இனாமாகக் கொடுக்கும் பழைய சாமான்களை விற்று, வரும் பணத்தை அறப்பணிக்குச் செலவிடும் கடையை. திரிப்ட் ஷாப் என்று பலகையில் எழுதியிருப்பார்கள். 1865-இல் லண்டனில் தோன்றி, 1935-இல் சிங்கப்பூருக்கு வந்த இரட்சணிய சேனை நடத்தும் கடைகளை நம்மில் பலர் அறிவர். வாட்டர்லூ வீதியில் மாதர் சங்கங்களின் மன்றம் நடத்தும் சிறு கடை ஒன்றும் உண்டு. இன்னும் பல சங்கங்கள் இப்படி நடத்துகின்றன. எல்லாவற்றிலும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். மூட்டைகளும் பைகளும் வந்து குவியும். தொண்டர்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். சட்டைக்கு ஒரு விலை, கால்சட்டைக்கு ஒரு விலை, பீங்கானுக்கு ஒரு விலை என்று சீட்டு ஒட்டுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர், வீட்டுப் பெண்மணிகள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான உருப்படிகள் கையில் வரும்போது ஒவ்வொன்றின் தராதரத்தையும் அவர்கள் எப்படி அறிவார்கள்? அறியமாட்டார்கள். நம்மைப் போன்றவன் அங்கே நுழைவதே அதை நம்பித்தான்.

பழைய பொருள் வாங்குவது நமக்குப் புதிதல்ல. 2003-ஆம் ஆண்டு மாமாவின் கடைக்குச் சிப்பந்தியாக வந்து இறங்கியபோது, நம் காலில் ஊரிலிருந்து வந்த ரப்பர் செருப்பு மட்டுமே இருந்தது. மாமா 3 வெள்ளியைக் கையில் கொடுத்து, "சுங்கை ரோட்டுக்குப் போய் ஒரு சப்பாத்து பார்த்து வா" என்றார். அந்தச் சந்தையைத் திருடர் சந்தை என்று ஊரார் சொல்வதுண்டு. 1930களிலிருந்து நடந்து வந்த அது, 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. தரையில் விரித்த கித்தானில் ஒரு சீனக் கிழவர் கறுப்புச் சப்பாத்து ஒன்றுக்கு 5 வெள்ளி சொன்னார். நாம் 2 என்றோம். அவர் நம்மையும் நம் செருப்பையும் பார்த்துவிட்டு 3 என்றார். அந்தச் சப்பாத்து மூன்று வருஷம் உழைத்தது. அங்கே பேரம் பேசியதில் நமக்கு இன்றுவரை ஒரு உறுத்தலும் இல்லை. விற்பவருக்கும் கண் இருந்தது, வாங்குபவனுக்கும் கண் இருந்தது. அவர் சாமான், அவர் விலை, அவர் இஷ்டம்.

சுங்கை ரோடு போன பிறகு, பழைய பொருளில் கண்ணுள்ளவர்களில் சிலர் தர்மக் கடைகளின் பக்கம் திரும்பினார்கள். நாமும் அவர்களில் ஒருவர். இளைஞர்கள் கைப்பேசியோடு வந்து, படம் எடுத்து, அங்கேயே விலை பார்த்து, அன்று மாலையே கரோசெலில் விளம்பரம் போட்டுவிடுகிறார்கள். நமக்குக் கைப்பேசி தேவையில்லை. ஜவுளி என்றால் விரலே சொல்லிவிடும்.

அப்படித்தான் சென்ற வருஷம் ஒரு கடையில், மேசை விரிப்புகளின் நடுவே மடித்துக் கிடந்த ஒரு துணியைத் தொட்டோம். தொட்டதும் நெஞ்சு ஒரு தரம் அடித்தது. ஜாவாப் பாத்திக். அச்சடித்த துணியில் மறுபுறம் வெளுத்திருக்கும். செப்பு அச்சால் மெழுகு ஒற்றியதில் ஒரே உருவம் அளவு மாறாமல் திரும்பத் திரும்ப வரும். கையால் மெழுகு எழுதியதிலோ ஒரு புள்ளியைப் போல் மறு புள்ளி இருக்காது. இது கையால் எழுதியது. அதிலும், குறுக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சித்திரம், அந்தப் பக்கம் வேறொரு சித்திரம். பகலில் ஒரு பாதி வெளியே தெரியக் கட்டலாம், மாலையில் மறு பாதி தெரியக் கட்டலாம். பாகி சோரே என்று மலாய்க்காரர் சொல்வார்கள். ஒரு ஓரத்தில் சிறு கறை, வேறு குறையில்லை. சீட்டில் 8 வெள்ளி எழுதியிருந்தது.

இங்கேதான் நாம் வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 8 வெள்ளியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. கறையைக் காட்டி, "6 வெள்ளிக்குக் கொடுங்கள்" என்றோம். மேசையில் இருந்த சீனப் பெண்மணி சிரித்துக்கொண்டே தலையசைத்தார். பதினோராம் நாள் ஜொகூரிலிருந்து நம் கடைக்கு வந்த ஒரு மலாய் அம்மையார் அதை 220 வெள்ளிக்கு வாங்கிச் சென்றார். அவரும் சந்தோஷமாகத்தான் போனார்.

அன்று இஷாத் தொழுகைக்குப் பின் தேநீர்க் கடையில் நண்பர்களிடம் இதைப் பெருமையாகச் சொன்னோம். எல்லோரும் பாராட்டினார்கள். நாணய மாற்றுத் தொழில் செய்யும் காரைக்கால் நானா ஒருவர் மட்டும் தேநீரை ஆற்றிக்கொண்டே, "அந்தப் பொம்பளை அந்தக் கடைக்கு முதலாளியா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை நானா, தொண்டுக்கு வருகிறவர்."

"அப்படியானால் இரண்டு வெள்ளி குறைத்தாரே, அது யாருடைய இரண்டு வெள்ளி?"

220 வெள்ளியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்த 2 வெள்ளியைத்தான் கேட்டார். அதுதான் நம்மைத் தூங்கவிடவில்லை.

பேரம் என்பது இருவர் விருப்பத்தில் நடப்பது. விற்பவர் தம் ஹக்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். மனம் ஒப்பிக் கொடுத்தால் அது நமக்கு ஆகிவிடுகிறது. தர்மக் கடையின் மேசையில் இருப்பவரிடமோ விட்டுக்கொடுக்கத் தம்முடையது என்று ஒன்றுமில்லை. பொருளைக் கொடுத்தவர் யாரோ. பணம் போய்ச் சேர வேண்டியவர் யாரோ. நடுவில் இருப்பவர் அமானத்தைக் காப்பவர். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தது அவருடைய நல்ல குணம். அந்தத் தலையசைப்பை வைத்து நாம் கணக்கை நேர் செய்துகொள்ள முடியுமா?

உடனிருந்தவர்களில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி நமக்காக வாதாடினார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. "விலை எழுதியது அவர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை, சீட்டை மாற்றவில்லை. அந்தத் துணி கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விற்காமல் தேங்குவதெல்லாம் கிலோக் கணக்கில் மொத்த வியாபாரிக்குப் போகிறது. யாரோ ஒருவர் அதைக் கிழித்து எண்ணெய் துடைத்திருப்பார். நீங்கள் அதைக் காப்பாற்றினீர்கள். துணியைத் தெரிந்துகொள்ள இருபது வருஷம் உழைத்தீர்களே, அந்த அறிவுக்குக் கூலி இல்லையா?" என்றார். மலேசியாவில் பண்டல் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பிழைப்பது இந்த அறிவால்தானே என்றும் கேட்டார்.

அறிவுக்குக் கூலி உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. எதிரில் இருப்பவரின் அறியாமைக்கும் கூலி உண்டா என்பதே கேள்வி. ஊரில் மதரஸாவில் ஓதிய காலத்தில் ஹஜ்ரத் அவர்கள் சொன்ன ஒரு சம்பவம் அன்றிரவு நினைவுக்கு வந்தது. இமாம் அபூ ஹனீபா அவர்கள் கூபா நகரில் பட்டு வியாபாரம் செய்தவர்கள். அந்த வகையில் நம் தொழிற்காரர்தான். ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை விற்க வந்து நூறு கேட்டாராம். இது அதற்கு மேல் பெறும் என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாக ஏற்றி நானூறு வரை வந்தார். இன்னும் பெறும் என்றதும், என்னைக் கேலி செய்கிறீர்களா என்று அவர் கேட்டார். விலை அறிந்த ஒருவரை அழைத்து வரச் சொல்லி, முடிவில் ஐந்நூறுக்கு வாங்கினார்கள் என்பது வரலாறு. சிறுவயதில் இதைக் கேட்டபோது, இப்படியும் ஒருவர் வியாபாரம் செய்து பிழைப்பாரா என்று நமக்குள் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

அதே மதரஸாவில் இன்னொன்றும் படித்தோம். சரக்கு ஏற்றி வரும் ஒட்டகக் கூட்டத்தாரை, அவர்கள் சந்தைக்கு வந்து விலை அறிவதற்கு முன்பே வழியில் போய் மறித்து வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வருகிறவனுக்கு விலை தெரியாது, போகிறவனுக்குத் தெரியும். தர்மக் கடைக்குக் காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும் முன்பே போய் வரிசையில் நிற்கும்போதெல்லாம் இந்தப் பாடம் நமக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை? மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி நமக்கில்லை. அது ஆலிம்களின் வேலை. வாங்கியது செல்லுமா செல்லாதா என்று நாம் கேட்கவில்லை. செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். செல்லுகிற எல்லாக் காசும் நம் பிள்ளைக்குச் சோறு வாங்கத் தக்கதா?

பிறகு கணக்குப் போட்டோம். வியாபாரிக்குக் கணக்குப் போட்டால்தான் மனம் ஆறும். லாபம் 214 வெள்ளி. முழுவதையும் திருப்ப வேண்டுமா? அதே துணியை, விலை தெரிந்த ஒரு ஜவுளித் தரகர் கொண்டுவந்திருந்தால் 120 வெள்ளிக்கு வாங்கியிருப்போம். அப்போதும் நமக்கு 100 வெள்ளி நியாயமாக நின்றிருக்கும். ஆகவே 120-இல் கொடுத்த 6 போக, பாக்கி 114. அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.

அந்தப் பெண்மணி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாம் தட்டுத் தடுமாறி மலாயில் விஷயத்தைச் சொன்னோம். கண் கலங்கவுமில்லை, புகழவுமில்லை. பணத்தை எண்ணி ரசீது எழுதிக் கொடுத்தார். பிறகு, "உங்களுக்குத் துணி தெரியும்போலிருக்கிறதே. மாதம் ஒரு காலை வந்து பிரித்துக் கொடுப்பீர்களா?" என்றார். இப்படிக் கேட்பார் என்று தெரிந்திருந்தால் உறையைத் தபாலில் அனுப்பியிருப்போம். அன்று முதல் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் சிப்பந்தியைக் கடையில் வைத்துவிட்டுப் போய்வருகிறோம்.

மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, மனிதர்கள் எதையெல்லாம் தர்மம் என்று கொடுக்கிறார்கள் என்பது. ஒற்றைக் கால் சப்பாத்து. பூஞ்சணம் பிடித்த தலையணை. பொத்தான் ஒன்றுகூட இல்லாத சட்டை. மூடி இல்லாத சோற்றுப் பானை. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று தேடாதீர்கள் என்று அல்பகரா அத்தியாயத்தில் வருவதை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அதன் பொருளை ஒரு மூட்டைக்குள் கைவிட்டுத்தான் அறிந்தோம். (பெருநாளுக்கு வீடு கழுவும் சமயம் நம்மவர்கள் கொண்டுவந்து போடும் மூட்டைகளும் இதற்கு விலக்கல்ல.) அந்தக் குப்பைகளுக்கு நடுவே, நன்றாகத் துவைத்து, தேய்த்து, காகிதம் வைத்து மடித்த சேலையும் வரும். கொடுத்தவர் பெயர் தெரியாது. விலை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் நம்மைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டாகியிருக்கும். ஆனால் மூன்றாவது மாதம் இன்னொரு பாத்திக் வந்தது. முதலாவதற்குச் சமமல்ல என்றாலும் அதுவும் கையால் எழுதியது. அறியாமையால் விலை குறைந்துபோகக் கூடாது என்று, நாமே 90 வெள்ளி என்று சீட்டு எழுதி, அழகாக விரித்து மாட்டினோம். இமாமவர்களின் பாடத்தைப் படித்துவிட்டோம் என்ற பூரிப்பு.

சற்று நேரத்தில் ஒரு மலாய்க் கிழவி வந்தார். வழக்கமாக வருகிறவராம், அடிக்கடி 3 வெள்ளிக்கு ஒரு கைலி எடுத்துப் போவாராம். நேராக அந்தத் துணியிடம் போனார். இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். ஜவுளிக்காரன் தடவுகிற மாதிரியே தடவினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு சீட்டைத் திருப்பிப் பார்த்தார். துணியை முன்பிருந்தபடியே நீவிவிட்டு, நம் பக்கம் திரும்பி, "இங்கேயும் இப்படியா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அச்சடித்த கைலி ஒன்றை 3 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சகோதரர்களே, நாம் இதுவரை அந்தக் கடைக்குச் செய்த அநியாயத்தைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தோம். கடைக்கு ஒரு கல்லாப் பெட்டி இருக்கிறது, அதற்குக் குறைந்ததைத் திருப்பிப் போட்டுவிடலாம், ரசீதும் கிடைக்கும். வரிசையில் நமக்குப் பின்னால் நின்றவருக்குக் குறைந்ததை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அவர் முகத்தையே நாம் பார்க்கவில்லையே. நாம் அந்த முதல் துணியை எடுக்காமல் இருந்தால், இந்தக் கிழவியே 8 வெள்ளி கொடுத்து எடுத்து, பெருநாளுக்குக் கட்டியிருக்கலாம். அந்த 114 வெள்ளி உறை அவருக்கு என்ன செய்தது?

ஆசிரியை அம்மையாரின் கருத்து வேறு. "90 வெள்ளி வந்தால் தனியாக இருக்கும் எத்தனையோ முதியவர்களுக்குச் சாப்பாடு அனுப்பலாம். இது பணம் திரட்டுவதற்காக நடத்தும் கடை" என்கிறார். காரைக்கால் நானாவோ, "இல்லாதவன் தலை நிமிர்ந்து, பிச்சை என்று எண்ணாமல், தானே தேர்ந்து வாங்கட்டும் என்றுதான் அங்கே விலை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். விலையை ஏற்றிவிட்டால் அவன் எங்கே போவான்?" என்கிறார். சுங்கை ரோட்டில் சப்பாத்து வாங்கிய நமக்கு நானா சொல்வது உடனே விளங்குகிறது. அந்தச் சீனக் கிழவர் நம் செருப்பைப் பார்த்துவிட்டுத்தானே 2 வெள்ளியைக் குறைத்தார்? நாம் பேரத்தில் வென்றதாக இருபது வருஷம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

இவற்றையெல்லாம் யோசித்து நமக்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டோம். பிறருக்குச் சொல்லும் உபதேசமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உடுக்க, உண்ண, உறங்க உதவும் சாமான்களை, கடை வைத்திருக்கும் நாம் அங்கே வியாபாரத்துக்காகத் தொடுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து, போர்வை, மின்சாரச் சோற்றுப் பானை, பெட்டி இவை அதில் அடங்கும். பெட்டியைச் சேர்த்தது ஏனென்றால், ஊருக்குப் போகும் கட்டுமானத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தேடி வருவதைப் பார்த்திருக்கிறோம். ஒரு வியாபாரி காலையிலேயே வந்து நல்ல பெட்டி நான்கையும் வாரிக்கொண்டு போனால், மத்தியானம் வருகிறவனுக்குச் சக்கரம் போன பெட்டிதான் மிஞ்சும். அழகுக்கும் அபூர்வத்துக்குமாக விலைபோகும் பொருளானால், பழைய கடிகாரமோ பீங்கான் ஜாடியோ எதுவாயினும், வாங்கலாம். ஆனால் நமக்குத் தெரிந்த விலையைச் சொல்லி வாங்க வேண்டும். பேரம் இல்லை. நம் வீட்டில் இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பிள்ளைக்கு அங்கே சட்டை எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். தன் பிள்ளை உடுத்துவதற்கு எடுப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்தால் போதும், மலிவு என்பதற்காக ஏழு வேண்டாம் என்றோம். அவர்கள் நம்மைப் பார்த்த பார்வையில், கடையில் விற்காமல் கிடக்கும் நம்முடைய சரக்கெல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயிற்று.

ஆனால் நாம் வகுத்த முறையில் ஓட்டை இருக்கிறது. அந்தப் பாத்திக் துணி உடுப்பா, அபூர்வமா? ஜொகூர் அம்மையாருக்கு அது சுவரில் மாட்டும் சித்திரம். கிழவிக்கு அது கைலி. துணி ஒன்றுதான். கிழவிக்கென்று 3 வெள்ளி எழுதி வைத்தால், அவர் வருவதற்கு முன் கைப்பேசியோடு ஒரு தம்பி வந்து எடுத்துப் போவார். 90 எழுதி வைத்தால் கிழவி தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். ஆளைப் பார்த்து விலை சொல்வது நம் கடையில் முடியும். சீட்டு ஒட்டிய கடையில் முடியாது. அப்படியே எடுத்துவைத்து அவரிடம் கொடுத்துவிடலாம் என்றால், அமானத்தாக வந்த பொருளை நம் இஷ்டத்துக்குக் கொடுக்க நாம் யார்? நாமே 90 வெள்ளி போட்டு வாங்கி அவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கலாமே என்று மளிகைக் கடைத் தம்பி சொன்னார். அதற்கும் மனம் தயங்குகிறது. காசு கொடுத்து வாங்கிப் பழகியவரை இனாம் வாங்க வைத்தால், அவர் மறுபடி அந்தக் கடைக்கு வருவாரா?

சென்ற சனிக்கிழமை போனபோதும் அந்தத் துணி ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் விற்காத உருப்படிக்கு விலையை மாற்றி எழுதுவது அந்தக் கடையின் வழக்கம். அடுத்த மாதம் அதற்கு மூன்று மாதம் ஆகிறது. புதுச் சீட்டை நம்மையே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஜவுளித் தொழிலில் இருக்கும் சகோதரர்கள் எவரேனும், நீங்களாக இருந்தால் என்ன விலை எழுதுவீர்கள் என்று முதல் சனிக்கிழமைக்கு முன் நமக்கு ஒரு வரி எழுதினால் உபகாரமாக இருக்கும்.